இடது காதில் ஒரு சத்தம்

சின்தசைசர் கற்றுக்கொள்வதை நான் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், ரிட்டயரான பிறகு கச்சேரிக்குப் போகிற யோசனையா சார் என்று கேட்டுச் சிரிப்பார்கள். சிரிப்பதிலும் தப்பில்லை. எனக்கும் சங்கீதத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கல்யாண மண்டபத்து மேடையில் பாட்டு நடக்கும்போது அடுத்த பந்தி எப்போது என்று பார்க்கிற ஆள் நான். ஐம்பதை நெருங்கும் வயதில் அந்த மெஷினைத் தொட்டது பாட்டு வாசிக்க இல்லை. கடைசியில் ஒரே ஒரு சத்தத்தை உண்டாக்குவதற்காகத்தான் அதைக் கற்றுக்கொண்டேன். அந்தச் சத்தம் என் மனைவியின் இடது காதில் இருந்தது.

அது வந்தது ஓர் ஆடி மாதக் காய்ச்சலுக்குப் பிறகு. காய்ச்சல் விட்டு நாலு நாள் ஆகியிருக்கும். காலையில் அடுப்படியிலிருந்து, தொட்டி வழியப்போகிறது, மோட்டாரை நிறுத்துங்கள் என்றாள். போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடவே இல்லை. அப்படியானால் ஃபிரிட்ஜ்தான் என்றாள். ஃபிரிட்ஜை அணைத்தேன். டியூப் லைட் சோக்காக இருக்கும் என்றாள். அதையும் அணைத்தேன். இன்வெர்ட்டர், டிவி, சுவரில் தொங்கிய செல்போன் சார்ஜர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டோம். கடைசியில் மெயின் சுவிட்சையே இறக்கினேன். வீட்டில் ஒன்றுமே ஓடவில்லை. அவள் கூடத்தின் நடுவில் நின்று தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னும் கேக்குதுங்க," என்றாள்.

பக்கத்து வீட்டு மோட்டாராக இருக்கும் என்று சொல்லிவிட்டு நான் குளிக்கப் போனேன்.

என் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் அப்புறம் நான் செய்தது புரியாது. வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். செங்கம் ரோட்டு வீட்டிலிருந்து தினமும் வண்டியில் ஊரைத் தாண்டிப் போய் வருகிறேன். வருகிற மனுக்களில் இணைப்புகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது என் பொறுப்பு. எதிரே நிற்கிறவர் சொல்வது உண்மை என்று எனக்கே தெரிந்திருக்கும். ஆனாலும் சான்று இல்லாவிட்டால் மனு திரும்பிப் போகும். இருபத்திரண்டு வருஷமாக இதைச் செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி கழன்று விழுவதில்லை.

காது மருத்துவரிடம் அழைத்துப் போனேன். அவளை ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ஒரு வரைபடம் வந்தது. மருத்துவர் பொறுமையாகத்தான் பேசினார். கேட்கும் திறன் நார்மல், சிலருக்கு டெஸ்ட் நார்மலாக இருந்தாலும் இப்படி ஒரு சத்தம் கேட்கும், பழகிப்போகும், பயப்பட வேண்டாம் என்றார். அவர் சொன்னதில் பாதி எனக்குக் காதில் விழவே இல்லை. நார்மல் என்பது மட்டும் விழுந்தது. காகிதத்திலும் அப்படித்தான் அச்சாகியிருந்தது. அதை ஃபைலில் போட்டு வைத்தேன்.

அந்த வாரமே ஆரணியில் இருக்கிற என் அக்கா போன் செய்து, தம்பி பொண்டாட்டிக்கு உடம்பு எப்படி என்று விசாரித்தாள். நான் கூடத்தில் நின்று சொன்னேன்.

"டெஸ்ட்ல ஒண்ணும் இல்லக்கா. எல்லாம் மனப்பிரமை. நாள் பூரா வீட்லயே இருக்கறா இல்ல, அதான்."

திரும்பினால் அவள் காப்பித் தம்ளரோடு நிற்கிறாள். தம்ளரை டீப்பாயின் மேல் வைத்தாள். சிந்தக்கூட இல்லை. உள்ளே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஏழு மாதம் அவள் அந்தச் சத்தத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றதெல்லாம் பேசினாள். வேலூரில் படிக்கிற மகளுக்கு என்ன கொடுத்தனுப்புவது, கேஸ் எப்போது தீரும், சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்கு யார் போவது எல்லாம் பேசினாள். சத்தம் மட்டும் பேச்சில் இல்லை. நான் அதை எப்படி எடுத்துக்கொண்டேன் என்றால், மனுதாரர் மறுபடி வரவில்லை, கோப்பை முடித்துவிடலாம் என்று எடுத்துக்கொண்டேன். போய்விட்டது என்றே நினைத்தேன். சந்தோஷமாகக்கூட இருந்தேன்.

கண்ணுக்கு எதிரே எத்தனையோ நடந்தது. மார்கழிக் குளிரில் ஃபேனை ஐந்தில் வைத்துக்கொண்டு அதன் கீழே உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் யாரும் பார்க்காத டிவி ஓடிக்கொண்டிருந்தது. மெதுவாகப் பேசினால் என்னங்க என்று திருப்பிக் கேட்டாள், நான் எரிந்து விழுந்தேன். எங்கள் தெரு, மலையைச் சுற்றிப் போகிற கிரிவலப் பாதையை ஒட்டியது. பௌர்ணமி வந்தால் தெருவே அதிரும். ஜனம், ஹார்ன், கடைக்காரர்களின் ஸ்பீக்கர், அன்னதானம் வாங்கக் கூப்பிடும் மைக் என்று வீட்டுக்குள் ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. அவள் மட்டும் சாயங்காலமே தலைவாரி, கேட்டைப் பிடித்துக்கொண்டு போய் நிற்பாள். யாரைத் தேடுகிறாய் என்று கிண்டல் செய்திருக்கிறேன். அந்தக் கூச்சலுக்குள் அவளுடைய சத்தம் முழுகிப்போகிறது, மாதத்தில் அந்த ஒரு நாள்தான் அவளுக்கு ஓய்வு என்பது எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை.

சத்தம் போகவில்லை என்று எனக்குச் சொன்னது மாடி அறையில் குடியிருந்த அம்மாள். வெளிநாட்டுக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், வருஷா வருஷம் கார்த்திகைக்கு வந்து பங்குனி வெயிலுக்குப் போகிறவர். தியானத்துக்கென்று மடியில் வைத்துக்கொள்ளும் அளவில் கட்டைகளும் திருகுகளும் கொண்ட ஒரு சின்ன சின்தசைசர் வைத்திருந்தார். மத்தியானங்களில் ஒரே சுரத்தை அரைமணி நேரம் இழுத்துக்கொண்டிருப்பார். மாசி மாதத்தில் ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. உன் மனைவி பாக்கியசாலி, இரவும் பகலும் அவளுக்கு மலையின் நாதம் கேட்கிறது, அதைக் கேட்க நான் பன்னிரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

என் மனைவிக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. கையாலும் ஜாடையாலும் அந்த அம்மாளிடம் சொல்லியிருக்கிறாள். ஒரே வீட்டில், தினமும் அவள் கையால் சாப்பிடுகிற என்னிடம் சொல்லவில்லை. அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. உள்ளே போய், இன்னும் கேட்கிறதா என்று கேட்டேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அந்தம்மாவுக்கு அவ்ளோ ஆசையா இருந்தா எடுத்துக்கினு போகச் சொல்லுங்க. நானா வேணாங்கறேன்?"

பங்குனியில் அந்த அம்மாள் ஊருக்குக் கிளம்பும்போது, விமானத்துக்கு எடை அதிகமாகிறது என்று சின்தசைசரை எங்களிடம் விட்டுவிட்டுப் போனார். சுவிட்ச் எது என்று மட்டும் காட்டினார். அது ஒரு மாதம் பீரோவின் மேல் கிடந்தது. மனைவி விஷயத்தில் எனக்கிருந்த குற்ற உணர்ச்சியால் அதை எடுத்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மை அதுவல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை. இத்தனை திருகுகள் உள்ள ஒரு சாமான் சும்மா கிடக்கிறதே என்றுதான் எடுத்தேன்.

முதல் மூன்று நாள் அதிலிருந்து சத்தமே வரவில்லை. விளக்கு எரிகிறது, கட்டையை அழுத்தினால் ஒன்றும் இல்லை. கெட்டுப்போனதைத் தலையில் கட்டிவிட்டுப் போய்விட்டார் என்று திட்டினேன். பிறகு போனில் வீடியோ பார்த்தபோதுதான் தெரிந்தது, ஃபில்டர் என்ற திருகு முழுக்க மூடியிருந்தது. இந்த மெஷினில் சத்தம் முதலில் கரடுமுரடாக, எல்லாக் கூர்மையோடும் பிறக்கிறது. ஃபில்டர் அதில் மேலே உள்ளதை வெட்டிவிடும். ஒரேயடியாக மூடிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. திருகைக் கொஞ்சம் திறந்தேன். போர்வைக்குள்ளிருந்து யாரோ முனகுவது போல வந்து, திறக்கத் திறக்கத் தெளிந்தது. எனக்கு ஒரே மகிழ்ச்சி. அலுவலகத்திலிருந்து பழைய நோட்டு ஒன்றை எடுத்து வந்து, எந்தத் திருகு எங்கே இருந்தால் என்ன சத்தம் என்று கோடு கிழித்து எழுத ஆரம்பித்தேன். வெறும் எண்கள்தான், ஆனால் தினமும் ஒரு பக்கம் நிறைந்தது.

இப்படி இரண்டு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை, பதினொரு மணி. ரெசனன்ஸ் என்று இன்னொரு திருகு இருக்கிறது, ஃபில்டர் வெட்டுகிற இடத்தை மட்டும் தூக்கிக் காட்டுவது. அதைக் கோடி வரை திருப்பினால் என்ன ஆகும் என்று திருப்பினேன். மற்ற சத்தத்தை எல்லாம் பூஜ்யத்துக்கு இறக்கியிருந்தேன். ஒன்றும் வரக்கூடாது. ஆனால் ஃபில்டர் தானாகவே மெலிசாக விசிலடிக்கத் தொடங்கியது. ஃபில்டரின் திருகைத் திருப்பினால் விசில் மேலே போனது, இறக்கினால் இறங்கியது. வேடிக்கையாக இருந்தது, மேலே மேலே கொண்டுபோனேன்.

அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து வாசற்படியில் நின்றாள். கையில் கரண்டி.

"அத நிறுத்தாதீங்க," என்றாள்.

கிட்டே வந்தாள். தலையை இடது பக்கம் சாய்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. இன்னும். போதும், கம்மி பண்ணுங்க. துளி கம்மி."

நான் திருகை ஒரு மயிரிழை இறக்கினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இங்கதான் இருக்குது அது."

மனப்பிரமை என்று நான் முடித்து வைத்த ஒன்று, இந்தத் திருகில் இன்ன இடம் என்று சொல்லும்படி இருந்தது. அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது எத்தனையோ. நான் செய்தது என்ன என்றால், பென்சிலால் அந்த இடத்தில் மெல்ல ஒரு கோடு போட்டேன். அவள் அந்தப் பக்கம் திரும்பியபோது திருகைக் கலைத்துவிட்டேன். மறுபடி கண்டுபிடி பார்க்கலாம் என்றேன். ஜாஸ்தி, கம்மி என்று சொல்லிக்கொண்டே வந்தாள். திருகு பென்சில் கோட்டுக்கு நேராக வந்து நின்றது. இன்னொரு முறை கலைத்தேன். மறுபடியும் அதே கோடு. மூன்றாவது முறை மேலிருந்து இறக்கிக்கொண்டு வந்தேன். அப்போதும் அங்கேயே நிறுத்தினாள்.

அவள் பென்சிலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"செக் பண்ணி முடிச்சாச்சா?"

கரண்டியோடு திரும்பிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அன்றைக்கு வத்தக்குழம்பு அடிப்பிடித்திருந்தது. நான் அதையே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளாகவே வந்து உட்கார்ந்தாள். போன வாரம் கேட்டது கிட்டத்தட்டதான், அதேதான் இல்லை என்றாள். அதே வேண்டுமா என்று கேட்டேன். "நீங்க ஒரு வாட்டி அத அப்படியே கேக்கணும்," என்றாள். வேறு எதுவும் அவள் என்னிடம் கேட்கவில்லை. தீர வேண்டும் என்றுகூடச் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எனக்கு இது விளையாட்டாக இல்லை. ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை உட்கார்வோம். அவள் வர்ணிப்பாள், நான் திருகுவேன். நான் கற்றுக்கொண்டதெல்லாம் சத்தத்தை அழகாக்குகிற வித்தை. வீடியோவில் அப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். முதலில் கொஞ்சம் எக்கோ கலந்து வைத்திருந்தேன், அது இருந்தால் எந்தச் சத்தமும் நன்றாக இருக்கும். அவள் உடனே வேண்டாம் என்றாள். இது பெரிய மண்டபத்தில் கேட்கிற மாதிரி இருக்கிறது, என்னுடையதற்கு இடமே கிடையாது என்றாள். எக்கோவை எடுத்தேன். விரலை எடுத்தால் சத்தம் மெல்லத் தேய்ந்து மறைகிற மாதிரி செய்திருந்தேன். எந்தச் சத்தத்துக்கும் பிறப்பு, இருப்பு, இறப்பு உண்டு, அதைத் தீர்மானிப்பதில்தான் கலையே இருக்கிறது என்று ஒரு வீடியோவில் சொன்னதை அவளிடமும் பெருமையாகச் சொன்னேன். அவள் கேட்டாள்:

"விரல எடுத்தா இது ஏன் போவுது? அது போவாதே."

ஹோல்ட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்திவிட்டால் விரல் இல்லாமலே சத்தம் நின்றபடி நிற்கும். அதை அழுத்தினேன். பிறப்பு இறப்பு திருகுகளுக்கு அதன் பிறகு வேலை இல்லாமல் போயிற்று.

சில நாள் ஒன்றுமே ஒத்துவராது. எவர்சில்வர் தட்டை சிமெண்டுத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு கூர்மை என்பாள். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் சீறுமே, அது கூடவே ஓடுகிறது என்பாள். கொஞ்சம் இரைச்சலைக் கலப்பேன். ஜாஸ்தி என்பாள், குறைப்பேன். ஒருநாள், அது நேராக இல்லை, உள்ளே ஒரு நடுக்கம் இருக்கிறது என்றாள். இரண்டு வாரம் நான் செய்த நடுக்கம் எதுவும் சரியில்லை. தற்செயலாக விசிலுக்குப் பக்கத்தில் இன்னொரு மெல்லிய சுரத்தை, துளி விலக்கி வைத்தேன். இரண்டும் ஒன்றோடொன்று உரசி ஒரு நடுக்கம் தானாக வந்தது. அவள் சட்டென்று நிமிர்ந்து, ஆமாம் என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு சுரம் நெருங்கினால் நடுங்கும் என்பதை நானே கண்டுபிடித்துவிட்ட மாதிரி இருந்தது. "சூப்பரா வந்திருக்கு இல்ல?" என்று கேட்டுவிட்டேன்.

அவளுடைய வேதனையை நான் வீட்டுப்பாடமாகச் செய்து மார்க் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அந்த நேரத்தில் என்னை எனக்கே பிடிக்கவில்லை. நோட்டில் எண்களை எழுதி மூடினேன். அதன் பிறகு சத்தம் நன்றாக இருக்கிறதா என்று நான் கேட்டதே இல்லை. சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன்.

ஆவணியில் அது முடிந்தது. மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்த ஞாயிறு. சத்தத்தின் அளவைத்தான் அன்றைக்குச் சரிபார்த்தோம். நான் நினைத்ததைவிட மிகவும் கம்மியாக வைக்கச் சொன்னாள். இவ்வளவு சின்னதா என்று கேட்டேன். "சின்னதுதான். எங்கயும் போவாது, அவ்ளோதான்," என்றாள். பிறகு இயர்போனை மகள் விட்டுப்போன பெட்டியிலிருந்து எடுத்து வந்து, வலதை விட்டுவிட்டு இடதை மட்டும் என் காதில் செருகினாள். சாப்பாட்டுக்கு உட்காருங்கள் என்றாள்.

மெஷினை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் பெரிதாக இல்லை. இதற்கா இத்தனை பாடு என்று ஒரு நினைப்புகூட வந்தது. இரண்டு வாய் சாப்பிட்டேன். அது இருந்தது. ரசத்துக்கு வந்தேன், அது இருந்தது. வாயில் போட்ட அப்பளம் நொறுங்குவதற்கு அப்பாலும் அது இருந்தது. அவள் ஏதோ சொன்னாள். என்ன என்று கேட்டேன். மறுபடி சொன்னாள். பாதிதான் பிடிபட்டது, மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்தேன். இரண்டு தடவை என்னங்க என்று கேட்டதற்கு மார்கழியில் நான் கத்தியது நினைவுக்கு வந்தது. எங்கேயாவது எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. எங்கே போனாலும் கூடவே வரும் என்றும் தெரிந்தது. மோர் ஊற்றிக்கொள்வதற்குள் இயர்போனைப் பிடுங்கிவிட்டேன்.

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். என் கையிலிருந்து இயர்போனை வாங்கித் தன் இடது காதில் வைத்துக்கொண்டாள். நான் கேட்டது அதேதானா என்று அவளும் தெரிந்துகொள்ள நினைத்திருக்கலாம். ஒரு நிமிஷம் போல அப்படியே இருந்தாள். எது மெஷின், எது தன்னுடையது என்று பிரிக்க முடியவில்லை என்றாள். போதும் என்று கை காட்டினாள், நான் ஹோல்டை எடுத்தேன்.

அவள் கை அப்படியே அந்தரத்தில் நின்றது. கண் பெரிதாகியது.

"இன்னா? இன்னா ஆச்சு?" என்று பதறினேன்.

அவள் வாயில் விரல் வைத்துக் காட்டினாள். நான் மறுபடியும் என்ன என்றேன். சிறிது நேரம் பொறுத்து அவள் தோள் தளர்ந்தது.

"வந்துடுச்சு," என்றாள்.

மெஷின் நின்றபோது அவளுடையதும் நின்றிருக்கிறது. அரை நிமிஷம்கூட இருக்காது. ஒரு வருஷத்துக்கு மேல் ஒரு நொடி விடாமல் ஓடியது, நின்றிருக்கிறது. சிலருக்கு இப்படிக் கொஞ்ச நேரம் நிற்பது உண்டு, அதை வைத்துக் குணமாகும் என்று எண்ண வேண்டாம் என்று பிற்பாடு காது மருத்துவர் சொன்னார். அன்றைக்கு எங்கள் இருவருக்கும் அது தெரியாது. அந்த அரை நிமிஷத்தில் பாதியை நான் இன்னா இன்னா என்று கேட்டே பாழாக்கியிருந்தேன்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். மறுபடி செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள். இயர்போனை வைத்துக்கொண்டாள், ஹோல்டை அழுத்தினேன். இந்த முறை நான் தயாராக இருந்தேன். ஒரு வருஷமாகச் சொல்லாமல் விட்டதைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று தோன்றியது. கடிகாரத்தில் ஒரு நிமிஷம் பார்த்து, நிறுத்தினேன். சத்தம் நின்றுவிட்டது என்று அவள் கண்ணால் காட்டினாள்.

"நீ சொன்னதெல்லாம் நெஜம்," என்றேன். "காயிதத்த நம்பினேன், உன்ன நம்பல. அக்காகிட்ட அப்படிச் சொன்னேன் பாரு, அது என் வாய்க்கொழுப்பு. தப்பு என்னுதுதான்."

என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடித்ததும் வந்துவிட்டது என்றாள். கேட்டதா என்று கேட்டேன்.

"கேட்டுது. ஒரு வார்த்த விடாம கேட்டுது."

அழுவாள் என்று நினைத்தேன். பரவாயில்லை என்று சொல்வாள், அதோடு என் பாரம் இறங்கும் என்றும் நினைத்தேன். அவள் இயர்போனைத் திரும்பவும் காதில் செருகிக்கொண்டாள்.

"இன்னொரு வாட்டி போடுங்க," என்றாள். "இந்த வாட்டி நீங்க பேசாதீங்க. சும்மா இருங்க. ஒண்ணுமே இல்லாம இருந்தா எப்படி இருக்கும்னு நான் கேக்கணும்."

போட்டேன். ஒரு நிமிஷம் கழித்து நிறுத்தினேன். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திறந்தபடி, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. சொல்வதற்கு என்னிடம் இன்னும் நிறைய இருந்தது. அந்த அரை நிமிஷம் அவளுடையது. நான் வாயைத் திறக்கவில்லை.